சௌந்திரம் வாங்கிய சத்தியம்

சௌந்திரம் எனக்கு அத்தை முறை. யாரையும் எடுத்த எடுப்பில் நம்பியவள் இல்லை. சொசைட்டியில் பால் ஊற்றும்போது அளப்பவனின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். அண்ணன் பிள்ளைகள் சும்மா பார்க்க வந்தோம் என்றால், காப்பி போட்டுக்கொண்டே என்ன கேட்கப் போகிறார்கள் என்று யோசிப்பாள். பெயர்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டும், ஊரில் யார் கையில் இது கிடைக்குமோ என்ற உறுத்தல் போகவில்லை. அந்தக் குணம் எங்கள் குடும்பத்துக்கே உள்ளது போலிருக்கிறது.

அவளுடைய கணவர் மணியன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை பார்த்தவர். 1982இல் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். திருச்செங்கோட்டுக்கு மேற்கே கொஞ்சம் விவசாயக் காடும், ஒரு கிணற்றில் பாதியும், ராசப்பன் என்ற மகனும்தான் அவளுக்கு மிச்சம். ராசப்பனுக்கு அப்போது பதினெட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை.

கிணற்றில் மறு பாதி மணியனின் தம்பி அப்புசாமிக்கு. மோட்டார் பொது. ஒருநாள் இவர்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. மணியன் போன கொஞ்ச நாளில் அப்புசாமி ஒரு பேச்சை எடுத்தார். காது கேட்காத பையன் மோட்டார் ஓட்டினால் உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி எரிந்துவிடும். அண்ணன் முறையையும் நானே பார்த்துக்கொள்கிறேன், அவர்கள் காட்டுக்கும் நானே தண்ணீர் விடுகிறேன் என்றார். தண்ணீர் முறை கைமாறினால் காடு கைமாற வெகுநாள் ஆகாது என்பது சௌந்திரத்துக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மகனையும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தடுத்துவைத்தாள். 1984இல், ஆனி மாசக் கூட்டத்தில் இதைப் பேசி முடிப்பதாக ஊர்க்கவுண்டர் சின்னண்ணன் சொல்லியிருந்தார்.

அதற்கு முன் சித்திரையில் மரகதம் வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. சேலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சர். பள்ளிக்கே போகாதவர்கள் வீட்டிலும் காட்டிலும் எப்படி வாழ்கிறார்கள் என்று மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்தாள். போஸ்ட்மாஸ்டர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் நடந்து வந்தாள்.

"என்ன கேக்கோணுமோ கேளம்மிணி" என்றாள் சௌந்திரம்.

"எதுவும் கேக்க வரலக்கா. கூட இருந்து பாத்துட்டிருப்பேன். அவ்ளோதான்."

அங்கேதான் சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது. ஜனத்தொகை எடுக்க வந்தவன் கேள்வி கேட்டான். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வந்தவளும் கேட்டாள். கேட்டால் பொய் சொல்லலாம். கேட்காமல் உட்கார்ந்து பார்க்கிறவளை என்ன செய்வது?

"ஒண்ணும் வேண்டாம்ங்கறா" என்று பக்கத்துக் காட்டு மாரக்காளிடம் சொன்னாள். "கொழுந்தனார்தான் அனுப்பிச்சிருப்பாரு. பையனுக்கு என்னென்ன தெரியலைன்னு எழுதி எடுத்துட்டுப் போயி கூட்டத்துல வெச்சுருவா."

"அப்பறம் எதுக்கு மோர் குடுக்கற?"

"ஊட்டுக்கு வந்தவளுக்கு மோர் குடுக்காம இருக்க முடியுமா?"

மறுநாள் கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மரகதத்தைக் கருப்பனார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இந்த வீட்டில் பார்த்ததைக் கேட்டதை இந்த ஊரில் யாரிடமும், எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொன்னாள். மரகதம் தயங்கவே இல்லை. தன் படிப்பிலும் அதுதான் சட்டம் என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே சௌந்திரத்துக்குப் புதுச் சந்தேகமாகிவிட்டது.

சத்தியம் வாங்கியாயிற்று, இருந்தாலும் கண் இருக்கிறதே. மரகதம் வரும்போதெல்லாம் ராசப்பன் அம்மா போட்டுவிட்ட சலவைச் சட்டையில் இருந்தான். ஆடு கட்டினான், மடை திருப்பினான், வேலையே இல்லாவிட்டால் கட்டின ஆட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். தாய்க்கும் மகனுக்கும் நடந்த பேச்செல்லாம் சோறு, படு, வா என்ற நாலைந்து கைச்சாடைதான். அதையும் மரகதம் பார்க்கும்போது சௌந்திரம் செய்வதில்லை. சாடை காட்டினால்தான் பையனுக்குப் புரியும் என்று எழுதிவிடுவாளே.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மரகதம் அப்புசாமி வீட்டுக்கும் போக ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டிலும் பார்த்துச் சரிபார்ப்பது ஆராய்ச்சியின் வழக்கமாம். சௌந்திரத்துக்கு அது உளவு பார்ப்பதாகத்தான் தெரிந்தது.

"இங்க குடிச்ச மோர் ஈரங்கூடக் காயல. அங்க போயிக் காப்பி குடிக்கறா" என்றாள் மாரக்காளிடம்.

அங்கே மரகதம் பார்த்தது வேறு. அப்புசாமி முறையன்று ராசப்பன் கரும்புக்காட்டு வழியாக நழுவிக் கிணற்றுமேட்டுக்குப் போய்விடுவான். அவனும் சித்தப்பனும் நேருக்கு நேர் உட்கார்ந்து மணிக்கணக்கில் கையால் பேசுவார்கள். எருமை வாங்கியது, யார் வீட்டில் சண்டை, சங்ககிரிச் சந்தையில் எவன் ஏமாந்தான், எல்லாம் பேசுவார்கள். அப்புசாமி சிரித்துச் சிரித்து வேட்டித் தலைப்பில் கண்ணைத் துடைப்பார். அவருக்குப் பையன் மேல் ஆசைதான். தண்ணீர் மேலும் ஆசை. கருப்பனார் கோயில் சங்கதி காதுக்கு எட்டியதும் அவரும் மரகதத்திடம் அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டார். அது சௌந்திரத்துக்குத் தெரியாது.

ஆனிக் கூட்டம் மாரியம்மன் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் கூடியது. ஆண்கள் வரிசையில் அப்புசாமி பக்கத்தில் ராசப்பனை உட்காரவைத்திருந்தார்கள். மரகதம் பெண்கள் பக்கம் இருந்தாள்.

"பையன் மேல பாசம் இல்லாமயா சொல்றேன்?" என்றார் அப்புசாமி. "கரண்டு கொறஞ்சா மோட்டார் மொனகும். அது காதுக்குத்தான் தெரியும். இவனுக்கு என்ன தெரியும்? வான்னா வருவான், போன்னா போவான். நின்னு ஒரு பேச்சுப் பேச முடியுமா இவங்கிட்ட?"

 சௌந்திரத்துக்காகச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? எழுந்து மரகதத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏனம்மிணி, ரெண்டு மாசமாப் பாத்தியே. என்ற பையன் என்னென்ன செய்யறான்னு நீயே சொல்லு."

மரகதம் எழுந்தாள்.  "என்னால சொல்ல முடியாதுக்கா. நீங்கதான் சத்தியம் வாங்கினீங்க."

"வாங்குனவளே சொல்றேன். சொல்லு."

"அந்த வீட்லயும் குடுத்திருக்கேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "ரெண்டு ஊட்டுக்கும் கற்பூரம் அடிச்சவள எந்த ஊட்டுக்குச் சாட்சி கூப்புடறது?" என்றார் ஒருவர். சௌந்திரம் உட்கார்ந்துவிட்டாள். எதற்கு வாங்கினோம் அந்தச் சத்தியத்தை என்று அப்போதும் அவள் நினைக்கவில்லையாம். மரகதமும் கொழுந்தனாரும் சேர்ந்தே செய்தது என்றுதான் நினைத்தாளாம்.

ராசப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள், அம்மா தலை குனிந்திருக்கிறாள். சித்தப்பனின் முழங்காலைத் தட்டி, விரல்களை விரித்து என்னவென்று கேட்டான். அப்புசாமி பழக்கத்தில் பதில் சொன்னார். முஷ்டியைச் சுற்றினார், உள்ளங்கையைத் தண்ணீர் போல ஓடவிட்டார், காதுத்தோட்டைத் தொடுவது போலச் செய்து சௌந்திரத்தைக் காட்டினார். ராசப்பனின் கைகள் வேகமாக ஏதோ சொல்லின. அப்புசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுத்து ஏதோ காட்டினார். அவன் விடவில்லை. அப்போதுதான் அப்புசாமி சுற்றிலும் பார்த்துக் கையை மடியில் வைத்தார்.

கூட்டம் முழுவதும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பையன் என்ன கேட்டான்?" என்றார் சின்னண்ணன்.

"ஒண்ணுமில்லீங்க."

"இத்தன நேரம் கையாட்டிப்போட்டு ஒண்ணுமில்லையா?"

"எதப் பத்திப் பேச்சுன்னு கேட்டானுங்க. தண்ணி முறையப் பத்தின்னேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "தை மாசம் காயில் எரிஞ்சது யாரு முறையன்னைக்கு, அதையுங் கூட்டத்துல சொல்லுன்னானுங்க."

"யாரு முறை?"

"எம்முறைதானுங்க."

இம்முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முறை இருந்தபடியே இருக்கட்டும் என்று சின்னண்ணன் முடித்தார்.

சௌந்திரம் மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்கு இவ்வளவு கைப்பேச்சு ஓரிரு நாளில் வந்திருக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மரகதத்தை நிறுத்தினாள்.

"இவன் அங்க போறது உனக்குத் தெரியும்."

"அதச் சொல்ல முடியாதுக்கா" என்றாள் மரகதம்.

"எத்தன நாளாப் போறான்?"

"அதையும் சொல்ல முடியாதுக்கா."

"நல்லா இருக்குது உன்ற படிப்பு" என்றாள் சௌந்திரம். ஆனாலும் மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

மறுநாள் அப்புசாமியின் முறை. சௌந்திரம் நேராகக் கிணற்றுமேட்டுக்கே போனாள். மகனும் கொழுந்தனாரும் கைப்பேச்சில் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"என்ன பேசுனீங்க?"

"உங்களப் பத்தி இல்லீங்க நங்கையா" என்றார் அப்புசாமி. அண்ணன் மனைவியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்தில் அவர் அவளைக் கூப்பிட்டது அன்றுதான்.

"அத நானே பாத்துக்கறேன். அந்தக் கையெல்லாம் எனக்குங் காட்டுங்க. உங்கள நம்பியில்ல, நம்பாமத்தான் கேக்கறேன்."

அப்புசாமி முதலில் மோட்டாரைக் காட்டினார். சௌந்திரம் அதே போல முஷ்டியைச் சுற்றினாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, இன்னொரு முறை சுற்றிக் காட்டி, சரிதானா என்று புருவத்தைத் தூக்கினாள்.