யூசுப் இக்கா இறங்கிய பதினான்கு படிகள்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு எல்லோரும் அரண்மனை பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு மிளகுக் கிடங்கு பார்க்க! என் கல்லூரித் தோழி ரசியா, பதினோரு வருடங்களுக்கு முன் படுத்த படுக்கையாய் இருந்த நான்கு பேருக்கு வீடு தேடிப்போய்ச் சோறு கொடுக்க ஆரம்பித்தாள். இன்று அவள் அமைப்பில் இரண்டு நர்ஸ்கள், ஒரு வேன். வாடகைக்கு எடுத்த பழைய மிளகுக் கிடங்கில், நடமாட முடியாதவர்களுக்கான பகல்நேர இல்லமும் தயார். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை திறப்பு. "வரலேன்னா உன்கூடப் பேச மாட்டேண்டி" என்றாள்.

கோவையில் காலை 6.15க்கு ரயில். எர்ணாகுளத்தில் இறங்கிப் படகுத்துறைக்கு ஆட்டோ 60 ரூபாய், மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ 40 ரூபாய். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். நான் கோட்டைவிட்டு, வெலிங்டன் தீவுக்குப் பதில் ஒருவருடைய முதுகைப் பார்த்தபடி வந்தேன்.

துறையிலிருந்து பத்து நிமிட நடை. கிடங்கில் இன்னும் மிளகு நெடி. மூன்று முறை தும்மினேன். சாய்தளம், அகலக் கதவு, கழிப்பறையில் கைப்பிடி, எல்லாம் அருமை. முதலில் உள்ளே வரவேண்டியவர் யூசுப் இக்கா (இக்கா என்றால் அண்ணன்). அதே கிடங்கில் மூட்டை தூக்கியவர். விழுந்து முதுகெலும்பு முறிந்து, நான்கு வருடமாக மாடி அறையை விட்டு இறங்கியதில்லை.

11.30க்கு அவர் வீட்டு வாசலில் வேன் நின்றது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மரப்படிக்கட்டு ஓராள் அகலம்தான். மடக்கி மேலே ஏற்றிய சக்கர நாற்காலி, விரித்ததும் மேல்படியிலேயே மாட்டிக்கொண்டது.

ரசியா தலையில் கை வைத்தாள். "நாம எப்பவும் மேல ஏறித்தானே போறோம். இக்கா கீழ இறங்கணும்னு ஒருத்தருக்கும் தோணலியே!"

"சாரமில்ல மோளே, பரவாயில்ல, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார் இக்கா மேலிருந்து. புதுச்சட்டை போட்டு, சவரம் செய்து காத்திருந்த மனிதர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேன் ஓட்டுநர் தெருவுக்கு ஓடி, நீலச்சட்டைச் சுமைதூக்கும் தொழிலாளிகள் நால்வரை அழைத்து வந்தார். எல்லோரும் இக்காவின் பழைய கூட்டாளிகள். அவர்களில் அந்தோணி தயங்கினார். "சாக்குன்னா தூக்கிடலாம். இது ஆளாச்சே இக்கா."

"சாக்குன்னு நெனச்சே தூக்குடா!" இக்காவின் குரலே மாறிவிட்டது. "அந்தோணி, நீ கீழ நில்லு. பாரம் பூரா உன் தோளுக்குத்தான் வரும். நான் சொல்லாம ஒருத்தனும் கால் எடுக்கக் கூடாது!"

நர்ஸ் அவரை மர நாற்காலியில் துண்டால் கட்டினார். பதினான்கு படிகள், ஆறு நிமிடம். ஒவ்வொரு படிக்கும் இக்காவின் அதட்டல். கடைசிப் படியில் தெருவே கைதட்டியது. நான் விசிலடித்தேன், காற்றுதான் வந்தது!

இல்லத்தில் சாயா கையில் வந்ததும் இக்கா கேட்டார்: "இப்படி மாடியிலே எத்தனை பேரு இருக்காங்க?"

"ஏழு பேரு" என்றாள் ரசியா.

"அந்தோணி, சாயாவை வேகமாக் குடி. வேனை எடுக்கச் சொல்லு. நானும் வர்றேன்."

எத்தனையோ ஊர் சுற்றியிருக்கிறேன், பதினான்கு படிகளை இவ்வளவு பெரிய பயணமாகப் பார்த்ததில்லை. நீங்கள் போவதானால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, காலை பத்துக்குமேல் போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஆள் இறக்கும் நாளான சனிக்கிழமையில் யூசுப் இக்காவை இல்லத்தில் தேட வேண்டாம். யார் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயாவது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மேலே பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்.