கஸ்தூரி இறங்கிய சேறு

மஞ்சள் காமாலையில் கஸ்தூரி போய்விட்டாள் என்ற செய்தி, எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு கோடை முழுக்கப் பயிற்சிக்குச் சேர்ந்து அலைந்த நம் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. திருவொற்றியூரில் பேருந்தில் இருந்தேன். உட்கார முடியவில்லை. வழியிலேயே இறங்கி, எந்தப் பக்கம் போகிறேன் என்று பாராமல் நடந்தேன். இருபத்தாறு சாகிற வயதா?

உங்களுக்கு அவளைத் தெரியும். காத்திவாக்கத்துப் பெண், நம்மில் அவள் ஒருத்திக்குத்தான் சேறு புதிதில்லை. கல்மண்டபத்து மளிகைக்கடைக்காரர் மகனான நான் முதல் நாள் வெள்ளை ஷூவோடு போய், முழங்கால் வரை புதைந்து கத்தினேன். அவள் சிரித்தாள். "நின்னுகினு கீற பாரு, அதான் இழுக்குது. நடந்துகினே இருபா."

வேலை எளியதுதான். கழிமுகம் தேறுகிறதா என்று பார்க்க, குறித்த ஒவ்வொரு இடத்திலும் குழாயில் செய்த சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, அதற்குள் எத்தனை நண்டு வளை என்று எண்ணித் தாளில் எழுத வேண்டும். ஒரு மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. பதினோராவது இடத்தில் நான் இறங்கவே இல்லை. பத்தாவதில் இருந்த பதினான்கையே கரையில் நின்று எழுதிவிட்டேன்.

தாளைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம். மறுநாள் காலை தனியாக இறங்கி எண்ணிவிட்டு, இடுப்புவரை சேறாக என் முன்னால் வந்து நின்றாள்.

"அங்க ஒரு வளைகூட இல்ல மாமு. வெறும் பவர் பிளான்ட் சாம்பல்தான் கீது. எங்கம்மா அங்கதான் கையால எறா தடவுது. நண்டு கீதுன்னு நீ எழுதுனா, எல்லாம் சோக்கா கீதுன்னு போய்ட மாட்டானுங்க?"

சான்றிதழ் போய்விடும் என்று கெஞ்சினேன். நமக்குப் பொறுப்பாயிருந்த சாரிடம் நானே சொல்கிறேன் என்றேன். நம்பினாள். "நீ எழுதுனத நீயே அடி. நான் போட்டுக் குடுக்க மாட்டேன்." நாளை, நாளை என்று கடத்தினேன். அறிக்கை அச்சாகிவிட்டது. அந்த இடம் தேறி வருவதாக அதில் இருக்கிறது. ஆதாரம் என் பதினான்கு.

அதன்பின் ராயபுரம் மீன் மார்க்கெட் நெரிசலில் பார்த்தாலும் சரி, கல்யாண வீட்டில் பார்த்தாலும் சரி, அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சொல்ட்டியா?" எனக்கு எரிச்சலாக வரும். அவளைக் கண்டு தெரு மாறிப் போயிருக்கிறேன். இனிக் கேட்க ஆளில்லை என்று அந்தப் பேருந்தில் ஒரு நொடி நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத் தாங்க முடியாமல்தான் இறங்கினேன்.

சாவு வீட்டில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்மண்டபத்துப் புள்ள நீதானே? 'அவன் ஒருநா சொல்லிடுவாம்மா'ன்னு கஸ்தூரி சொல்லிகினே இருக்கும். இன்னா நைனா சொல்லணும் நீ?"

அங்கேயே சொன்னேன். கேட்டுவிட்டு அவர் என் கையை விட்டார். இன்று காலை சாருக்கு எழுதினேன், இப்போது உங்களுக்கு. பதினோராவது இடத்தில் நண்டு இல்லை. நான் அங்கே இறங்கவில்லை, கஸ்தூரி இறங்கினாள். அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது அவளுடைய கேள்வி ஒன்றைத்தான். பதில் சொல்லிவிட்டேன், கேட்க அவள்தான் இல்லை.