கிதாருக்குக் கனம் போட்ட கதை

போன ஞாயிறு மதியம் எனக்கு ஓசிச் சாப்பாடு. ஏரிக்கரையில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலில் டன்பவுக். பிரியாணிக்கு இந்த ரங்கூனில் அதுதான் பெயர். வாங்கிக் கொடுத்தவர் ரத்தினம் அண்ணன். லான்மடாவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அடையாள அட்டையில் பர்மியப் பெயர் ஊ மியிண்ட், கடையில் அண்ணன். என் தட்டில் கோழிக்கால் இருக்கும்வரை எனக்கும் அண்ணன்.

சாப்பிடும்போது அவர் ஒன்று சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதற்குத்தான் இந்த வாரப் பத்தி.

மழைக்காலத் தொடக்கத்தில் சொந்த நாட்டுக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை விற்றார். அண்டா குண்டா பார்க்கப் போன அண்ணன் ஒரு கிதாரோடு திரும்பினார். ரெசனேட்டர் கிதார். உடம்பு முழுக்க உலோகம். வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். தந்தி அதிர்ந்தால் கூம்பு அதிரும். சத்தம் பிறப்பதே அதில்தான். அண்ணன் அதற்காகவா வாங்கினார்? தட்டிப் பார்த்தாராம்... நல்ல உலோகமாம்!

வாங்கியவர் சும்மா இருந்தாரா? கல்யாணக் குடத்தில் பெயர் வெட்டுவது போலக் கிதாரின் முதுகில் புள்ளி புள்ளியாகத் தன் பெயரை வெட்டிவிட்டார். பர்மிய எழுத்தில், பெரிதாக. பிறகு கடைக் கண்ணாடி அலமாரியில், இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதை வாசிக்கத் தெரிந்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். சூசை. அலோன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஹவாய்த் தீவுக்காரர்களின் பாணியில் வாசிப்பான். தந்திகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்து, கட்டைவிரலில் தாளமும் மற்ற விரல்களில் பாட்டுமாக. ‘ஸ்லாக் கீ’ என்று பெயர். ஒரு மாலுமியிடம் கற்றது. சூசை தந்தியைத் தளர்த்துவதை முதன்முதலில் பார்த்தபோது, தந்தி மட்டமான சரக்கா என்று கேட்டவர் நம் அண்ணன்.

ஹோட்டலில் ஞாயிறு மதியத்துக்கு ஹவாய் இசை வேண்டுமென்று ஆள் தேடினார்கள். ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்தால் நிரந்தர வேலை. மூட்டை தூக்கி இடுப்பு போன மனிதனுக்கு இது சின்ன விஷயமா? சூசையிடம் சொந்தக் கிதார் கிடையாது. அண்ணன் இரவல் தருவதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

‘சர்வீஸ் பண்ணித் தர்றேன்’ என்று கிதாரைக் கழற்றினார். நானும் கடையில் இருந்தேன். கூம்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னா சார் இது, அப்பளம் மாதிரி? கனமே இல்லியே. இதைப் போயி உள்ள வச்சு வித்திருக்கான்.”

பாத்திரக்காரர் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே ஜாதிப் பொருள் — கனமானது, மட்டமானது. சரி, நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆமாண்ணே, ரொம்ப மெல்லிசு.” சங்கீதத்தைப் பற்றி உங்களுக்கு வாரா வாரம் எழுதிக் கிழிக்கிறவன் சொன்னது இது.

தாகேதாவில் அலுமினியப் பானை செய்யும் ஊ லா என்ற பர்மியரிடம், சோற்றுப்பானைக் கனத்தில் புதுக் கூம்பு செய்யச் சொன்னார் அண்ணன். அதிலும் தன் பெயரை வெட்டினார். பழையதை அங்கேயே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை கிதார் சூசை கைக்கு வந்தது. மீட்டினான். சட்டியைக் கரண்டியால் தட்டின சத்தம்! மறுநாள் ஹோட்டல். அவன் கத்தவில்லை. கிதாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“பழைய தகடு எங்க சார்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனோடு தாகேதாவுக்கு பஸ் ஏறினேன்.

உருக்கியிருப்பாரோ என்று வழியெல்லாம் பயம். உருக்கவில்லை. ஊ லா பட்டறை வாசலில், வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப்பானை வைத்திருக்கிறார். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு அந்தப் புண்ணியம் உண்டு. கூம்பு அந்தப் பானையை மூடிக்கொண்டிருந்தது!

சூசை கேட்டான். ஊ லா மறுத்துவிட்டார். தானமாக வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது, குடிக்கிற தண்ணீரில் தூசி விழும் என்றார். தப்பா? தப்பே இல்லை.

சூசை நடைபாதையில் உட்கார்ந்தான். கிதாரின் திருகுகளைக் கழற்றி, கனமான கூம்பை எடுத்துப் பானைமேல் வைத்தான். ஊ லா அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். காக்காய் தள்ள முடியாத மூடி என்று திருப்திப்பட்டார். பெயரையும் படித்தார்.

“தானம் பண்ணினவர் பேரும் இருக்கே,” என்று பர்மிய மொழியில் சொல்லி, பழையதைக் கொடுத்துவிட்டார். ஓரத்தில் டம்ளர் பட்டு லேசாக நசுங்கியிருந்தது. சூசை கட்டைவிரலால் நீவி நீவியே சரிசெய்தான்.

ஞாயிறு மதியம் வாசித்தான். மைக் இல்லாமலே கடைசி மேஜைவரை கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். வாரா வாரம் வரச் சொல்லிவிட்டார் மேனேஜர். சூசை மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

“பாத்தீங்களா சார்? கனம் போட்டப்பறம் என்னா சத்தம்.”

என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொன்னால் கிதார் மறுபடி இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். சூசை மூட்டைக்குத் திரும்புவான். தலையாட்டினேன். கடையில் ஆமாம் போட்டது அண்ணன் வாங்கித் தரப்போகும் கோழிக்காக. இது சூசைக்காக... சரி, பாதி கோழிக்காகவும்தான்.

இதைப் பற்றி எழுதச் சொன்னார் அண்ணன். எழுதிவிட்டேன். அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

தாகேதாவில் தண்ணீர் குடிக்கிறவர்கள் மூடியில் பெயரைப் பார்த்து ஊ மியிண்ட்டை வாழ்த்திவிட்டுப் போகிறார்களாம். எனக்குத் தெரிந்து அவர் செய்த ஒரே தர்மம். அதுவும் அவருக்குத் தெரியாது!