மீதிச் சேறு

இடுக்கியின் நுனி சேற்றைப் புரட்டி, மணலைத் தள்ளி, இளஞ்சிவப்பாகக் கிடந்த ஒரு நூலிழையைப் பற்றித் தூக்கியது. அது புழு. சேற்றில் கலந்திருந்த சாயம் ஏறியதால்தான் அவள் கண்ணில் பட்டது.

ஆழ்கடலடியில் ஒரே இடத்திலிருந்து வருடா வருடம் கப்பல் சேறு அள்ளி வரும். அதிலுள்ள புழுக்களைப் பொறுக்கி எண்ணுவது அவள் வேலை. உடைந்த புழுவென்றால் தலைக்குத்தான் கணக்கு, வாலுக்குக் கிடையாது. எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் அது கடலின் சேதியாக இருக்கவேண்டும், பொறுக்குகிறவரின் கண்கோளாறாக இருக்கக்கூடாது. அதனால் அங்கே ஆள் மாறுவது லேசில் நடக்காது.

கணவனும் மகளும் வேலை மாற்றலில் வேறு ஊருக்குப் போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. தன்னையும் விடச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அதிகாரி கும்பிடுவார்.

"நீங்க போனா கடலுக்கே கண்ணு அவிஞ்சிடும்மா. ஒருத்தரைத் தயார் பண்ணிட்டு தாராளமா போங்க."

தயாராகிக்கொண்டிருந்தவள் பக்கத்து மேசைக்காரி. எல்லோருக்கும் அவள் வாயாடி. அவள் பொறுக்கி முடித்த சேற்றை இவள் மறுபடி துழாவ வேண்டும். ஒன்றிரண்டு தலை தப்பியிருந்தால் தேர்ச்சி. மேலே போனால் இல்லை.

"அக்கா, இந்தத் தடவை ஒண்ணு மிஞ்சியிருந்தாலும் காதை அறுத்துக்கறேன்."

"போன தடவையே ரெண்டும் போயிடுச்சேடி. இன்னும் எத்தனை வச்சிருக்கே?"

வாயாடி சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனாள். கணவன் போனில் வந்தான்.

"வீடு பார்த்தாச்சு. இந்தத் தடவையாவது விடுவாங்களா?"

"இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"யார் சொல்லணும்?"

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். சொல்ல வேண்டியவளே அவள்தான்.

ஜன்னலில்லாத அந்த அறையில் குளிர்சாதனம் உறுமியது. வாயாடி பொறுக்கி வைத்துவிட்டுப் போன சேற்றைத் துழாவியதில் முதல் தலை கிடைத்தது. போகட்டும். இரண்டாவது. அதுவும் போகட்டும். பிறகு ஒரு சிப்பித் துண்டைப் புரட்டியபோது அதன் குழிவில் ஒரு கொத்தாகத் தலைகள் கிடந்தன.

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவுதொட்டியில் குழாய்க்கு அடியில் பிடித்தாள். குழாயைத் திறந்தால் போதும், அடுத்த மாதமே மகளுக்குத் தலை பின்னிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் வாயாடியின் கண்ணுக்குத் தப்பித் தப்பி அடுத்த வருடம் எண்ணிக்கை சரியும். கடலடி சாகிறது என்று எங்கோ யாரோ எழுதுவார்கள். உண்மையிலேயே சாகும்போது அதை யாரும் நம்பமாட்டார்கள்.

'என் தலையெழுத்து' என்று முணுமுணுத்தபடி நாற்காலிக்குத் திரும்பினாள். ஒவ்வொரு தலையாக எடுத்துக் குப்பியில் போட்டாள். மூடியைத் திருகி, அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"வாங்கம்மா. சொல்லிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லைங்க" என்று குப்பியை அவர் கையில் கொடுத்தாள்.