பெரியமடு வலையில் விழாத கட்டுக்கரை மீன்

மன்னார்த் தீவில் பிறந்தவன் குளத்து மீன் பார்க்க ஊர் தாண்டிப் போவதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். உப்புக்குளத்தில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் கடல். பாரையும் விளைமீனும் தின்று வளர்ந்த நாக்குக்குக் குளத்து மீன் என்றாலே சேற்று மணம். ஆனால் உயிரியல் படிப்பிக்கிற நண்பர் ஒருவர், "ஒரே மீனை ரெண்டு குளத்தில விட்டுப் பாருங்கோ, காலப்போக்கில ரெண்டும் வேற வேற உருவத்துக்கு வந்திடும்" என்று சொல்லிவிட்டார். கண்ணால் காணாமல் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டேன். பாலம் தாண்டி, தள்ளாடிச் சந்தியில் இடது பக்கம் பூநகரி வீதி. புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள், சும்மா சொல்லக்கூடாது, வழுக்கிக்கொண்டு போகிறது. விடத்தல்தீவு கடந்து உள்ளே திரும்பியதும் அந்தச் சந்தோசம் முடிந்தது. செம்மண் பாதையில் இடுப்பே கழன்றுவிடும்போல் இருந்தது. மொத்தம் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். ஏழரைக்குப் பெரியமடுக் குளக்கட்டில் நின்றேன்.

அங்கே யோகராசா காத்திருந்தார். நாங்கள் அகதிகளாக இருந்த தமிழ்நாட்டு முகாமில் அவருடைய குடிசையும் எங்களுடையதும் அடுத்தடுத்து. சண்டை முடிந்து திரும்பி வந்ததிலிருந்து வயல் செய்கிறார், மிச்ச நேரம் குளத்தில் வலை விடுகிறார். இந்தக் குளத்துக்குள் பட்டமரங்கள் அப்படியே நிற்கின்றன, பாசியும் தாமரையும் தண்ணீரே தெரியாமல் மூடிக் கிடக்கின்றன. அவர் தோணியில் கொண்டுவந்த மீன் திலாப்பியா. இங்கே எல்லோருக்கும் அது ஜப்பான் மீன். நீளம் குறைவு, முதுகு உயர்ந்து வயிறு இறங்கித் தட்டுமாதிரி இருந்தது.

மரமும் பாசியும் நிறைந்த தண்ணீரில் சட்டென்று திரும்பத் தெரிந்த மீன்தான் பிழைக்கும் என்றும், அதற்கு இப்படிக் கட்டையான, உயர்ந்த உடம்பு தோது என்றும் நண்பர் சொல்லியிருந்தார். விராலும் அப்படிப்பட்ட மீனை இலேசில் விழுங்கமாட்டாதாம். பிழைத்தது குஞ்சு பொரிக்கும், குஞ்சும் அதே சாயலில் வரும். திறந்த தண்ணீரில் தூரம் நீந்துகிற மீனுக்கு ஒல்லி உடம்பு தோது. இதில் எவ்வளவு பரம்பரையால் வந்தது, எவ்வளவு வளர்ந்த இடத்தால் வந்தது என்று அவருக்கே முடிவாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்துக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறேன் என்றதும் யோகராசாவின் முகம் சுருங்கியது. அவருடைய தங்கை பவளம் அந்தக் குளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

"அவையள் வந்து குடியேறேக்க என்ர வலையில சரிபாதியை வெட்டி மச்சானுக்குக் குடுத்தனான். நல்லா உழைச்ச வலை. நல்லது எண்டு ஒரு சொல் வரேல்ல, கதைபேச்சும் நிண்டு போச்சு. இப்ப பிள்ளைக்குக் காது குத்தாம். எனக்கு ஆர் சொன்னது தெரியுமோ? பஸ் கொண்டக்டர்."

தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்த வேண்டிய பிள்ளை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புறப்படும்போது பெரிய மீனாக நாலைப் பையில் போட்டுத் தந்தார். "தங்கச்சியிட்ட உம்முடைய மீன் எண்டு சொல்லிக் குடும், என்ர எண்டால் வாங்கமாட்டினம்" என்றார்.

வந்த வழியே தள்ளாடிக்குத் திரும்பி, மதவாச்சி வீதியில் முருங்கன் பக்கமாகப் போய்ப் பதினொன்றரைக்குக் கட்டுக்கரையில் ஏறினேன். அப்பப்பா, என்ன விரிவு! மரமில்லை, மறைப்பில்லை, காற்றுக்குக் கடல்போல அலை எழும்புகிறது. பவளத்தின் வீட்டு முற்றத்தில் மிளகாய்க் கன்றுகளைச் சுற்றி, கோழி போகாமல் ஒரு வலை கட்டியிருந்தது. எந்த வலை என்று கேட்கவே தேவையில்லை. அவளுடைய கணவர் தர்மன் அதைத்தான் முதலில் காட்டினார்.

"வலை தந்தவராம் வலை. முதல் நாள் விட்டு இழுத்தால் ரெண்டு கெளுத்தி. கரையில நிண்டவங்கள், மச்சான் தண்ணி வடிக்கத் தந்தவரோ எண்டு கேட்டுச் சிரிக்கிறாங்கள். இஞ்ச எல்லாரும் சின்னக் கண் வலை. இது உதவாது எண்டு தெரிஞ்சுதான் தந்திருக்கிறார்."

நான் மீன் பையை நீட்டி, என்னுடையது என்று சொல்லி முடிக்கவில்லை. பவளம் திறந்து பார்த்தாள்.

"இது பெரியமடு மீன். அண்ணன் தந்தவர்தானே?"

ஓம் என்றேன். பொய் சொல்லவும் ஒரு முகவெட்டு வேண்டும். அவள் மீனைச் சட்டிக்குள் போட்டாள். அன்று காலை பக்கத்து வீட்டார் கொடுத்த கட்டுக்கரை ஜப்பான் ஒன்று ஏற்கெனவே அதற்குள் கிடந்தது. பெரியமடு மீன் ஒன்றும் அதுவும் ஒரே நீளம். ஆனால் ஒன்று தட்டு, மற்றது அகப்பைக் காம்பு. நான் பார்க்க வந்தது இதைத்தான். வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தேன்.

பவளம் படத்துக்கு நிற்கவில்லை. இரண்டு மீனையும் தூக்கிக்கொண்டு மிளகாய்ப் பாத்திக்குப் போனாள். கட்டுக்கரை மீனின் தலையை வலைக்கண்ணில் வைத்து விட்டாள். வால் வரைக்கும் வழுக்கி மற்றப் பக்கம் விழுந்தது. பெரியமடு மீனைத் தள்ளினாள். செவுளடியில் இறுகி அப்படியே நின்றது.

"பாத்தீங்களோ? அண்ணன் தன்ர குளத்துக்குச் சரியான வலையைத்தான் தந்திருக்கிறார். உங்கட குளத்து மீன் மெலிஞ்சதுக்கு அவர் என்ன செய்யிறது?"

தர்மன் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு கை கழுவினார். மறுபடியும் கழுவினார். பவளம் போனை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, அவர் கையில் வைத்தாள்.

"மச்சான், மீன் வந்தது. வலையில பிழையில்லை, நான்தான் பிழையாய் விளங்கிப்போட்டன். புதன்கிழமை காதுகுத்துக்கு வெள்ளன வந்திடுங்கோ. பிள்ளை உங்கட மடியிலதான் இருக்கோணும்."

அந்தப் பக்கத்திலிருந்து யோகராசாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"உங்கட குளத்து மீன் ஒண்டை அவரிட்டக் குடுத்துவிடுங்கோ. அளவு பாத்துத்தான் உங்களுக்குப் புது வலை எடுக்கலாம்."

அவர் என்றால் நான். திரும்ப எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டார்களா? சோறு மட்டும் தாராளமாகப் போட்டார்கள். பெரியமடு மீன் குழம்பில் சேற்று மணமே இல்லை, இரண்டுதரம் வாங்கித் தின்றேன். எங்கள் தீவுக்காரர் என்னைத் திட்டலாம்.

நீங்களும் போவதென்றால், இரண்டு குளத்தையும் ஒரே நாளில் பாருங்கள், அப்போதுதான் வித்தியாசம் கண்ணில் படும். பெரியமடுவுக்கு விடியப் போங்கள், வலை இழுப்பது அப்போதுதான். விடத்தல்தீவு கடந்தால் பெற்றோல் கிடைக்காது. மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் ஒரு காரியத்துக்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள். மீன் கொண்டுவர விருப்பமென்றால் ஐஸ் பெட்டி கொண்டு போங்கள்.

என்னிடம் ஐஸ் பெட்டி இல்லை. அந்த ஒல்லி மீனைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னேரம் ஐந்து மணிக்கு மறுபடியும் பெரியமடுவில் போய் இறங்கினேன். யோகராசா வீட்டுப் படலையடியிலேயே நின்றார். மீனை வாங்கி, செவுளடியில் ஒரு நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்த நூலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மீன்ர அளவு சரி. பிள்ளையின்ர கைக்கு மாமன் போடுற காப்புக்கு அளவு கேட்டு வந்தனீரோ?"

இல்லை என்றேன். இனி என் மோட்டார் சைக்கிள் ஒரு அடிகூட அசையாது என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்து, இந்தமுறை தானாகவே மச்சானுக்கு அடித்தார்.