ஏப்ரல் பத்தொன்பதைத் தேர்ந்தெடுத்த வெண்டல் குபாலா

வெண்டல் குபாலாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி ஆரம்பிக்கலாம் என்றால், அந்த நாலு வார்த்தைக்கு எங்கே போவது? ஐம்பத்தெட்டு வயது. பஃபலோ மாநகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். நவம்பரிலிருந்து மார்ச் வரை தெருத்தெருவாகப் பனியை ஒதுக்கிக்கொண்டே வானொலியில் பேஸ்பால் பேச்சைக் கேட்பான், பேசுகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே போவான். சாப்பாட்டு இடைவேளை வந்ததும் அதே நிகழ்ச்சிக்குப் போன் போடுவான். "தெற்கு பஃபலோ வெண்டல் லைன்ல இருக்கார்" என்று அறிவிப்பாளர் சொன்னதும் பாதி ஊர் சத்தத்தைக் கூட்டி வைக்கும், மீதி ஊர் அணைத்துவிடும்.

நம்ம ஊர் ஸ்டர்ஜன்ஸ் அணி கோப்பையைப் பார்த்து இருபத்தொரு வருடம் ஆகிறது. அதனால் வெண்டலின் வாய்க்குத் தீனி குறைந்ததே இல்லை. அணியின் முதலாளி கஞ்சப் பிசினாறி. மேலாளர் தலையாட்டி பொம்மை. பந்து எறியும் பிட்சர்கள் கல்யாணத்தில் அரிசி தூவப் போகவேண்டியவர்கள். போன வருடம் இருபத்திரண்டு வயது பிட்சர் ஒருவன் முதல் ஆட்டத்திலேயே செமத்தியாக அடி வாங்கினான். "அவங்கம்மாவுக்குப் போன் போட்டு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்று வெண்டல் வானொலியில் சொன்னான். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே ஒரு வாரம் சிரித்தது. அந்தப் பையன் அதற்கப்புறம் என்ன ஆனான் என்று யாரும் விசாரிக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதனுக்குப் பிடித்த ஆட்டக்காரன் உலகத்திலேயே ஒருவன்தான். எலியாசர் பௌலினோ, டொமினிகன் பையன், ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிறவன். நான்கு வருடத்துக்கு முன், வெண்டலின் மனைவி மார்னி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கோடையில், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒரு மணி நேரம் காரோட்டிப் போய் ஒரு சின்ன ஊரில், ஸ்டர்ஜன்ஸ் இளம் ஆட்டக்காரர்களைப் பழக்கும் கீழ்மட்ட அணியின் ஆட்டத்தைப் பார்த்தான். மழை, இருநூறு பேர்கூட இல்லை. பதினேழு வயது பௌலினோ சேற்றில் விழுந்து ஒரு பந்தை எடுத்து, உட்கார்ந்தபடியே முதல் பேஸுக்கு எறிந்தான். வெண்டல் எழுந்து நின்றுவிட்டான். அந்தக் கோடை முழுக்க அங்கே போனான். காலையில் கட்டிலை விட்டு எழ அவனுக்கு அந்தப் பையனைத் தவிர வேறு காரணம் இல்லை. பௌலினோ பஃபலோவுக்காக முதல் முறை மைதானத்தில் கால் வைக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நாலு வருடமாக அவன் வேண்டிக்கொண்டிருந்த ஒரே விஷயம்.

அதை அவனே எப்படிக் கெடுத்துக்கொண்டான் என்பதுதான் இனி.

மூன்றாவது பேஸ் பக்கம், ஒன்பதாவது வரிசையில், சீசன் முழுவதற்கும் இரண்டு இருக்கைகள். அவற்றை மூன்று பேர் சேர்ந்து வாங்கியிருந்தார்கள்: வெண்டல், தபால்காரன் டெட்ரிக் மாயோ, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ரோஸ்லின் பிச்செட். சொந்த ஊரில் எண்பத்தொரு ஆட்டம், ஆளுக்கு இருபத்தேழு, அன்று இரண்டு இருக்கையும் அவருக்கே. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெட்ரிக் வீட்டு நிலவறையில் கூடி, அட்டவணையை மேஜையில் விரித்து, ஒருவர் மாற்றி ஒருவர் தேதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் தேர்வு வருடத்துக்கு ஒருவருக்கு. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாற்றிக்கொள்ளக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவன் வெண்டல். டெட்ரிக் தன் மகள் பட்டமளிப்பு விழாவுக்காக ஒரு தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்ட வருடம் கொண்டுவந்தது.

இந்த ஜனவரியில் முதல் தேர்வு வெண்டலுடையது. வெளியே ஏரிக் காற்று முழங்கால் உயரத்துக்குப் பனியைக் கொட்டிவைத்திருந்தது. மேஜையில் உப்பு பன்னுக்குள் மாட்டிறைச்சி, ஒரு வாளி நிறையக் கோழி இறக்கை. அந்த வாரம்தான் அணி, ட்ரெவர் ஹால்ஸ்டெட் என்ற ஷார்ட்ஸ்டாப்பை ஒன்பது மில்லியன் டாலருக்கு எடுத்திருந்தது. வயது முப்பத்தாறு.

"முப்பத்தாறு வயசு முழங்காலுக்கு ஒன்பது மில்லியன்," என்றான் வெண்டல். "எனக்கும் ரெண்டு முழங்கால் இருக்கு. என்னை ஒருத்தனும் கூப்பிடல."

"நல்ல மனுஷனாம். பேட்டியில பார்த்தேன், எவ்வளவு பணிவா பேசுறார்," என்றாள் ரோஸ்லின்.

"ஆட்டத்துக்கு எடுத்திருக்காங்களா, மாப்பிள்ளை பார்க்கவா? ஜூன் மாசத்துக்குள்ள ரெண்டா முறிஞ்சு விழுவான், எழுதி வச்சுக்கோ."

டெட்ரிக் எலும்பைத் துப்பிவிட்டு, "அந்த பௌலினோவ இப்பவே தள்ளிவிட்டுடணும்பேன்," என்றான். "விலை இருக்கறப்பவே. அவனக் குடுத்தா மேற்குப் பக்கத்து அணிகள்ல இருந்து ரெண்டு நல்ல பிட்சர் கிடைப்பாங்க."

"உன்னைக் குடுத்தா ஒரு தபால்தலை கிடைக்குமாய்யா?"

"கோவத்தப் பாரு. யோவ், கீழ்மட்டத்துல அடிக்கறதெல்லாம் அடியா? மேல வந்தா தெரியும்."

"நாலு வருஷமா வர்றான் வர்றான்னு நீயும்தான் சொல்ற," என்றாள் ரோஸ்லின். "என் பஸ் இவ்வளவு லேட்டா போனா பெத்தவங்க என்னை உரிச்சிருப்பாங்க."

வெண்டல் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். இந்த இரண்டு ஞானசூனியங்களோடு பேஸ்பால் பேச வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பென்சிலை எடுத்து அட்டவணையில் ஒரு கட்டத்தைத் தட்டினான்.

"என் முதல் தேர்வு, ஏப்ரல் பத்தொன்பது. சனிக்கிழமை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் தேர்வு கிடைத்தவன் யாரானாலும், சீசனின் முதல் ஆட்டம் நடக்கும் தொடக்க நாளைத்தான் எடுப்பான். கண் தெரியாதவன்கூட அதைத்தான் எடுப்பான்.

"ஏப்ரல் பத்தொன்பதுல என்ன, உன் பிறந்த நாளா?" என்றான் டெட்ரிக்.

"சொல்றேன், கேட்டுக்கோ. தொடக்க நாள்லேயே பௌலினோவ மேல கொண்டுவந்தா இந்த வருஷம் அவனுக்கு முழு வருஷமா சேரும். அப்படி ஆறு வருஷம் சேர்ந்தா பிடிச்ச அணிக்குப் போயிடலாம். ரெண்டு வாரம் கீழேயே உக்கார வச்சிருந்தா, இந்த வருஷம் முழுசா சேராது. இன்னொரு வருஷம் அடிமாட்டு விலைக்கு வச்சிக்கலாம். நம்ம முதலாளி அதை விடுவானா? பெத்த புள்ளைக்கே ஐஸ்கிரீம் வாங்கித் தராத பய. ஹால்ஸ்டெட்ட எடுத்ததே பேரக் காட்டி டிக்கெட் விக்கத்தான், ரெண்டு வாரத்துல அவன வேற இடத்துல நிறுத்திடுவாங்க. ரெண்டு வாரம் முடிஞ்சு இங்க நடக்கற முதல் ஆட்டம் பத்தொன்பதாம் தேதி. அன்னைக்கு அவன் வர்றான், நான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல டிவி பாருங்க."

"அப்ப தொடக்க நாள் எனக்கு," என்றாள் ரோஸ்லின், ரொம்ப சாதாரணமாக.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. கொடி ஆட்டு, பலூன் விடு, ஹால்ஸ்டெட்டுக்கு முத்தம் குடுத்துட்டு வா."

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் வானொலியில் வெண்டல் இந்தக் கணக்கை ஊருக்கே விளக்கி, தொடக்க நாளுக்கு டிக்கெட் வாங்குகிறவர்களெல்லாம் பேஸ்பால் தெரியாத வேடிக்கைக் கூட்டம் என்றும் சொல்லிவைத்தான். அந்த வேடிக்கைக் கூட்டம் மொத்தமும் அடுத்த நாலு நாளில் மைதானத்தின் எல்லா டிக்கெட்டையும் வாங்கித் தீர்த்துவிட்டது.

மார்ச் கடைசி வாரம் ஹால்ஸ்டெட் ஃப்ளோரிடா முகாமில் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான். தொடைத் தசை கிழிந்தது. வெண்டல் சொன்னது பலித்துவிட்டது. ஜூன் என்றான், மார்ச்சிலேயே நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அணியில் வேறு ஷார்ட்ஸ்டாப் கிடையாது. கஞ்ச முதலாளிக்கும் வேறு வழி கிடையாது. ஏப்ரல் மூன்றாம் தேதி நடக்கும் தொடக்க நாள் ஆட்டத்திலேயே பௌலினோ ஆடுவான் என்று அறிவித்தார்கள்.

செய்தி வந்தபோது வெண்டல் லாரியில் இருந்தான். ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அந்தப் பையனை இந்த ஊரில் அவனைவிட நம்பியவன் யாரும் இல்லை. ஆனால் நம்பிக்கையைவிட நக்கலுக்கு அவனிடம் மரியாதை அதிகம். ஒரு நல்ல காரியம் நேரத்துக்கு நடக்கக்கூடும் என்று ஒரு நொடி நினைத்திருந்தால் போதும், தொடக்க நாள் அவனுடையதாக இருந்திருக்கும். அவன் அப்படி நினைக்கவில்லை. இணையத்தில் பார்த்தான். கூரைக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் இருக்கும் இருக்கைக்கு அறுநூறு டாலர் கேட்டார்கள், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதையும் யாரோ வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை பள்ளி பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போனான். ரோஸ்லின் தன் பஸ்ஸைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவன் கதவருகே வந்து நின்றதும் துடைப்பத்தைச் சாய்த்துவைத்தாள். நெடுநாளாகக் காத்திருந்தவள் போலத்தான் இருந்தது.

"வா வா. தொடக்க நாளைக்குக் கொடி ஒண்ணு வாங்கணும், எங்க நல்லா கிடைக்கும்?"

"ரோஸ்லின், தேதியை மாத்திக்கலாமா?"

"விதி யாரு எழுதினது?"

"நான்தான்."

"டெட்ரிக் பொண்ணு பட்டமளிப்புக்கு அவன் என்ன கேட்டான், நீ என்ன சொன்ன?"

 வெண்டல் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். "மழையில அவன் ஆடறப்ப இருநூறு பேர்தான் இருந்தோம்," என்றான். "மார்னி போயிருந்த நேரம். எனக்கு அவனப் பார்க்கணும். கெஞ்சறேன்னே வச்சுக்கோ."

முப்பது வருடப் பழக்கத்தில் ரோஸ்லின் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் கேட்டதில்லை. அவளுக்கே சங்கடமாகிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மறுபடி துடைப்பத்தை எடுத்தாள்.

"தேதிய மாத்த மாட்டேன். நானும் போறேன். என் தங்கச்சி ஜோலீன் கூட வர்றதாச் சொல்லியிருக்கா, அவளுக்குக் குளிர் ஆகாது, நான் பேசிக்கறேன். அவ இடத்துல நீ உக்காரு. ஆனா ஒண்ணு. ஒன்பது இன்னிங்ஸும் வாயத் திறக்கக் கூடாது."

"நல்லதாக்கூடவா?"

"நல்லதுகூட உன் வாயில திட்டு மாதிரிதான்யா கேக்குது. ஒரு வார்த்தை பேசினாலும் எழுப்பி அனுப்பிடுவேன்."

ஏப்ரல் மூன்று. வெயில் இருந்தது, சூடு இல்லை. ஏரியிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. பௌலினோ பெயரைச் சொன்னதும் நாற்பதாயிரம் பேர் எழுந்தார்கள். வெண்டலும் எழுந்தான். வாயை இறுக்கி மூடியிருந்தான், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காற்று என்று சைகையில் காட்டினான். ரோஸ்லின் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆட்டம் ஒன்று இருக்கிறதே.

முதல் முறை மட்டையைத் தூக்கிய பௌலினோ மூன்றே பந்தில் வெளியேறினான். மூன்றாவது இன்னிங்ஸில் குழந்தைகூடப் பிடிக்கும் ஒரு பந்து அவன் கால்களுக்கு நடுவே போனது, எதிரணிக்கு இரண்டு ஓட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் அவன் எறிந்தது முதல் பேஸ்காரனின் தலைக்கு மேலே பறந்து போய்க் கூட்டத்தில் விழுந்தது. பையன் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது ஒன்பதாவது வரிசைக்கே தெரிந்தது. எழுந்து நின்று வரவேற்ற அதே நாற்பதாயிரம் பேர் இப்போது உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டார்கள்.

வெண்டலுக்குப் பின்னால் பச்சைக் கம்பளிக் குல்லா போட்ட ஒருவன், கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"இதுக்குத்தான் நாலு வருஷமா காத்திருந்தோமா? தங்கம் தங்கம்னானுங்க. பித்தளைக்குக்கூடத் தேறாது. ரேடியோவுல ஒரு லூசு தினம் கத்துவானே, வெண்டலோ என்னமோ, அவன் வீட்டு வாசல்ல கொண்டுபோய் இறக்கிவிடுங்கடா இவன. அவனே வச்சு சோறு போடட்டும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெண்டலின் கழுத்து சிவந்தது. ரோஸ்லின் அவன் பக்கம் குனிந்தாள்.

"சரி, நிபந்தனை வாபஸ். திரும்பி அவனுக்கு நல்லா குடு."

வெண்டல் திரும்பினான். முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த சரக்கெல்லாம் அவன் வாயில் இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தான். ஒன்றுகூட இந்தக் குல்லாக்காரனுக்குப் பொருந்தவில்லை. எல்லாமே தப்புச் செய்துவிட்டு மைதானத்தில் தனியாக நிற்கிறவர்களுக்காகத் தைத்தவை.

"அவனுக்கு இருபத்தொரு வயசுதான்," என்றான் வெண்டல்.

குல்லாக்காரன் எலும்பைக் கீழே போட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டான்.

"அதுக்கு?"

வெண்டல் மைதானத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வானொலியில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் அவனே கேட்டிருக்கிறான், அவர்கள் பதில் சொல்வதற்குள் போனை வைத்தவனும் அவன்தான்.