கைவிடப்படுகிறவன்

எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் எந்த நிமிடமும் மேலே எடுத்துக்கொள்ளப்படலாம். மூன்றாவது ஆள் நான். இதை என் மனைவி ஒருநாளும் குத்திக்காட்டிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லிக் கணக்கைத் தீர்த்திருப்பேன். அவள் சொல்லாமலே பயந்துகொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் படாளம் பக்கத்துக்காரன். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அவள் திருநெல்வேலிப் பக்கம். நாவலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பழக்கமானாள். செங்கல்பட்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவளுடைய சபையில் எங்கள் கல்யாணத்துக்கு ‘அந்நிய நுகம்’ என்று பெயர். ஒரே நுகத்தில் சேராத இரண்டு மாட்டைப் பூட்டிய மாதிரியாம். எங்கள் வீட்டில் வைத்த பெயரை எழுத முடியாது. இரண்டு பக்கமும் திட்டி ஓய்ந்த பிறகு நாங்கள் நன்றாகவே இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையும் மகளையும் சபையில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர்க்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். மூன்று மணி நேரம், நான்கு டீ.

சபை என்பது ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி. பெண்கள் வெள்ளைச் சேலையில் வருவார்கள். பொட்டு கிடையாது, நகை கிடையாது. அவர்கள் நம்பிக்கைப்படி கிறிஸ்து இரண்டு கட்டமாக வருவார். முதலில் வருவது ‘இரகசிய வருகை’. எக்காளம் தொனிக்கும். ஆயத்தமாக இருக்கிறவர்கள், போட்டிருந்த துணி போட்ட இடத்திலேயே கிடக்க, கண்ணிமைக்கிற நேரத்தில் மறைந்துபோவார்கள். ஆயத்தமில்லாதவர்கள் இங்கேயே கிடந்து ஏழு வருஷ உபத்திரவத்தை அனுபவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உலகமே பார்க்கும்படியான இரண்டாம் வருகை. அந்த ஏழு வருஷத்துக்கென்று எங்கள் வீட்டில் ஒதுக்கி வைத்த ஆள் நான்.

ஒதுக்கி வைத்தது என்று சும்மா சொல்லவில்லை. ஒருமுறை கேஸ் புத்தகத்தைத் தேடும்போது பத்திரங்கள் வைக்கிற ஃபைலில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. முழுக்க அவள் கையெழுத்து. எனக்காக எழுதியது. கேஸ் பதிவு செய்வது எப்படி, மோட்டார் சுவிட்சு மக்கர் செய்தால் எங்கே தட்ட வேண்டும், அந்த ஏழு வருஷத்தில் நெற்றியிலோ கையிலோ எந்த முத்திரை போடச் சொன்னாலும் போட்டுக்கொள்ள வேண்டாம், பட்டினி கிடந்தாலும் சரி என்று வரிசையாக எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினால், ஓர் ஆளுக்குச் சாதம் வைக்க முக்கால் டம்ளர் அரிசி, இரண்டு டம்ளர் தண்ணீர், மூன்று விசில் என்று இருந்தது. ஓர் ஆளுக்கு என்பதன் கீழே கோடு போட்டிருந்தாள். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பார்த்ததாக அவளிடம் சொல்லவில்லை.

எனக்கு வேலை கடற்கரையோரம் இருக்கிற அணு ஆராய்ச்சி வளாகத்தில், கடல் தண்ணீரை இழுக்கிற பம்புப் பகுதியில். ஷிப்ட் வேலை. செங்கல்பட்டிலிருந்து போய்வந்துகொண்டிருந்தவன், மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், வளாகத்துக்கு அருகிலேயே வாடகைக்கு வீடு பார்த்துக் குடும்பத்தோடு குடிவந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் குடும்பம். அந்த வீட்டு அக்கா, நாங்கள் வந்த முதல் நாளே சாம்பார் கொடுத்துவிட்டு, “இன்னா வோணும்னாலும் கூச்சப்படாம கேளு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் கெட்டது என் வாயால்தான். எனக்குக் கிண்டல் இல்லாமல் பேசத் தெரியாது. எதிரில் இருப்பது எட்டு வயதுப் பிள்ளை என்பதும் அந்த நேரத்தில் உறைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மனைவி ஜெபக்கூட்டத்துக்கு இருந்துவிட்டாள். நானும் மகளும் வண்டியில் மாமல்லபுரம் போனோம். அன்று சபையில் பிள்ளைகளுக்கு நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில் ஒரு படம் காட்டியிருக்கிறார்கள். வயலில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் வானத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் மண்வெட்டியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். கீழே நிற்கிற ஆளுக்கு மீசை இருந்ததாம், என்னுடையது மாதிரியே.

“அம்மாவும் நானும் போயிட்டா நீ இன்னாப்பா பண்ணுவ?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“வூட்டப் பாத்துக்கினு இருப்பேன். மோட்டார் போட ஒரு ஆளு வோணுமில்ல?”

“தனியாவா?”

“தனியாதான்.”

சவுக்குத் தோப்பு தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தாள். “பொய் சொல்றவங்க, திருடுறவங்க, சிலைய கும்புடுறவங்க மூணு பேரும் போமாட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நீ இதுல எதுப்பா?”

“நானா? மூணும்தான்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட டைரியில் ஒரு குறிப்பு வந்தது. பக்கத்துப் பெண்ணின் ரப்பரை எடுத்துத் தன் சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம். இவளிடம் நான்கு ரப்பர் இருக்கிறது. ஏன் எடுத்தாய் என்று கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் வகுப்பு ஆசிரியை என் மனைவிக்குப் போன் செய்து, ஆபரேஷன் முடிந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மகள் அழாமல், தடுமாறாமல் சொல்லியிருக்கிறாள்.

அதோடு ராத்திரி ஜெபத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் ஷிப்டுக்குக் கிளம்பினால் வாசல்வரை வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எப்போது வருவாய் என்று கேட்க மாட்டாள். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கு மூளையில் ஏதாவது கோளாறோ என்றுகூட நினைத்தேன். மருத்துவரிடம் போகலாமா என்று இரண்டு முறை கேட்கப் போய், கோளாறு என்கிற சொல்லை வாயில் வரவழைக்கவே பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

மனைவிக்கு வேறு பயம். “இது சத்துருவோட வேலைங்க. வருகை நெருங்க நெருங்க பிள்ளைகளத்தான் மொதல்ல பிடிப்பான்” என்றாள். சத்துரு என்றால் சாத்தான். சனிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கத் தொடங்கினாள், பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வாராவாரம் படத்தக் காட்டி பயமுறுத்திக்கினு இருந்தா கொயந்த வேற இன்னா ஆவும்?” என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. “பயம் காட்டுதது நான் இல்லைங்க. நான் பயப்படுதேன். அது வேற” என்றாள்.

யாரை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், சும்மா கடற்கரைவரை நடந்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட், மகளுக்கு அரைநாள் பள்ளிக்கூடம். வளாகத்தில் அபாயச் சங்கை அவ்வப்போது ஊதிச் சரிபார்ப்பார்கள். அன்று பகல் ஒரு மணிக்கு ஊதப்போகிறார்கள் என்று முந்தின நாளே அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாங்கள் குடிவந்த பிறகு ஊதுவது அதுதான் முதல் தடவை. வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சண்டை போட்ட வீம்பில் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததில் மறந்துவிட்டேன். அது முழுக்க என் தப்பு.

வளாகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். இரண்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து போனை எடுத்தேன். வீட்டிலிருந்து ஒன்பது அழைப்புகள். எல்லாம் ஒன்று பத்துக்கும் ஒன்றரைக்கும் இடையில். திருப்பி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

அந்த ஐந்து கிலோமீட்டர் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் தெரியாது. மகள் கடல் பக்கம் போய்விட்டாளா, ரோட்டில் அடிபட்டாளா, உபவாசத்தில் இவள் விழுந்து கிடக்கிறாளா என்று ஒன்றை நினைத்தால் அடுத்தது வந்து நின்றது. வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே சாம்பார் கருகிய நாற்றம். அடுப்பு அணைந்திருந்தது. மனைவியின் போன் தரையில் கிடந்தது. மகளின் செருப்பு வாசலில் இருந்தது. கட்டில்மேல் அவளுடைய பள்ளிச் சீருடை, கை இரண்டும் விரிந்தபடி, சாக்ஸோடு கிடந்தது. சட்டை இருக்கிறது, பிள்ளை இல்லை. எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது என்று பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அந்தச் சட்டையைக் கையில் எடுக்கப் பயந்து நின்றேன்.

“அண்ணாத்த, இங்க வா. ரெண்டு பேரும் நம்ம வூட்லதான் குந்திகினு கீறாங்க” என்று பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது. “ஒண்ணும் ஆவல. அடுப்ப நாந்தான் வந்து அணைச்சேன்.”

போனேன். கூடத்துச் சுவரில் சாய்ந்து என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மயங்கி விழுந்தவளுக்கு அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்திருக்கிறார். அவள் மடியில் மகள். அவளைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. நெற்றி முழுக்கப் பட்டையாக விபூதி. நடுவில், புருவத்திலிருந்து முடிவரைக்கும் அப்பின குங்குமம். வியர்வையில் அது மூக்கு வழியாக வழிந்திருந்தது. பிறந்ததிலிருந்து அந்த நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டுகூட வைத்தது கிடையாது.

“சங்கு ஊதுச்சா, பாப்பா வெறுங்கால்ல ஓடியாந்துச்சு” என்றார் அக்கா. “நேரா சாமி ரூமுக்குப் போச்சு. விளையாடுதுன்னு நானும் வுட்டுட்டேன். கருகுற நாத்தத்துல உங்க வூட்டுக்கு ஓடியாந்து, அவங்கம்மா மயங்கிக் கெடக்கறத பாத்தப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு.”

நான் மகள் முன்னால் உட்கார்ந்தேன். எதற்குச் செய்தாய் என்று கேட்டேன்.

“டீச்சர் சொன்னது மூணு” என்றாள். “திருடிட்டேன். பொய் சொல்லிட்டேன். மூணாவது மட்டும் செய்யல. எக்காளச் சத்தம் கேட்டதும் லேட்டாயிடுச்சோன்னு ஓடியாந்தேன்.” என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, “இப்ப என்னையும் வுட்டுட்டுதானேப்பா போவாரு? நீ தனியா இருக்க மாட்டல்ல?” என்று கேட்டாள்.

நான் அழுதேன். பக்கத்து வீட்டில், அந்த அக்கா பார்த்துக்கொண்டிருக்க, வெட்கமில்லாமல் அழுதேன். இனிமேல் இதைப் பற்றிக் கிண்டலே செய்ய மாட்டேன் என்று மகளிடம் சொன்னேன். அப்பா எங்கேயும் தனியாக இருக்கப்போவதில்லை என்றும் சொன்னேன். அதை எந்த உரிமையில் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. மனைவி மறுத்துப் பேசவில்லை. தன் வெள்ளைச் சேலை முந்தானையால் பிள்ளையின் மூக்கில் வழிந்ததை மட்டும் துடைத்தாள். நெற்றியைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிப் படுக்க வைத்தோம். கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் பேசினாள், என் பக்கம் திரும்பாமல்.

“சங்குச் சத்தம்னு எனக்குத் தெரியும்ங்க. மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். எறங்கி வந்து பாத்தா, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போன அந்தச் சட்டை கட்டில்ல. செருப்பு வாசல்ல. பிள்ளைய எடுத்துட்டாரு, என்னைய விட்டுட்டாருன்னு நெனச்சேன். சபைச் சகோதரிக்கு அடிச்சேன், எடுக்கல. அவங்களும் போயாச்சு, அப்போ சரிதான்னு ஆயிப்போச்சு.” அந்தச் சகோதரி மதியத் தூக்கத்தில் இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. “ஒடனே ஒங்களுக்குத்தான் அடிச்சேன். யாரு போனாலும் நீங்க இருப்பீங்கன்னு தெரியும்லா.”

“போன் வாசப் பொட்டியில இருந்துச்சு” என்றேன்.

“அது அந்த நேரத்துல தோணவே இல்லைங்க. ஒம்பது தடவ அடிச்சேன். நீங்களும் எடுக்கல. சரி, ஒங்களையும் சேத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.” பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “நான் மட்டுந்தான் கெடக்கேன்னு தெரிஞ்சும், அப்படியே தரையில முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.”